ஏழாவது ஜூரரின் மாடு

மேட்டி பெக் போன மாசம் செத்துப்போனா. அதனாலதான் இப்ப வாயைத் திறக்கிறேன். இதெல்லாம் நடந்ததுக்கு அப்பறம் அவ உயிரோட இருந்த இருபத்தெட்டு வருஷமும் இதை நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நல்ல மனசுன்னு நெனச்சுக்காதீங்க. பயம், வெக்கம். அப்பறம் இதோ, சுவத்துல கண்ணாடி போட்டுத் தொங்குதே வக்கீல் லைசென்ஸ், அது.

என் பேர் இடெல்லா க்ரம். அப்ப எனக்கு முப்பத்தாறு வயசு. மாநில உச்ச நீதிமன்றத்துல நீதிபதி லெமுவேல் பிரிஸ்கோவோட டைப்பிஸ்ட். பதிவேட்டுல அப்படித்தான் போட்டிருந்தாங்க, ஆனா நிஜத்துல நான் அவரோட கண்ணு. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து, எதிர்ல நிக்கறவனுக்கு மீசை இருக்கா இல்லையான்னுகூட மனுஷனுக்குத் தெரியாது. மத்த நாலு நீதிபதிகளுக்கும் அது தெரியக் கூடாதுன்னு மறைச்சு வச்சிருந்தார். கேஸ் கட்டு வந்தா நான் சத்தமா வாசிப்பேன், அவர் பெப்பர்மிண்ட்டைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுக் கேப்பார். எங்க கோர்ட்டுல ஒரு கேஸை ஒரு நீதிபதிதான் முழுசாப் படிக்கிறது வழக்கம். அவர் எழுதின தீர்ப்புக்குக் கீழ மத்த நாலு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருவாங்க. ஆக, பிரிஸ்கோ கைக்கு வந்த கேஸ்ல அஞ்சு பேருக்கும் சேத்து இருந்தது என் ரெண்டு கண்ணுதான்.

பிரிஸ்கோ சட்டப் பள்ளியும் அவருதுதான். அவர் ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எங்க மாநிலத்துல வக்கீலாகணும்னா ஏதாவது ஒரு வக்கீல் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் தரை பெருக்கி, எச்சில் சட்டியைக் கழுவினா போதும். அந்தக் கூத்தை நிறுத்தினது பிரிஸ்கோ. மாட்டுத் தீவனக் கடை மாடியில ஒன்பது பெஞ்சோட ஆரம்பிச்சார். அவர் பள்ளியில கடைசிப் பரீட்சை பாஸ் பண்ணா நேரா கோர்ட்டுல சத்தியப் பிரமாணம், வேற பரீட்சை கிடையாதுன்னு சட்டத்தையே மாத்த வச்சார். அந்த விஷயத்துல அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேற விஷயத்துக்கு நிறைய இருக்கு.

அந்தப் பள்ளிக்குன்னு ஒரு சத்தியம் உண்டு. பிரிஸ்கோ சின்ன வயசுல வக்கீலா இருந்தப்போ, நீதிபதிகளோட குமாஸ்தாக்கள் சாராயக் கடையில உக்காந்து, ‘உங்க கேஸ்ல நீதிபதி மனசுல என்ன இருக்குன்னு சொல்லட்டுமா’ன்னு பேரம் பேசுவாங்களாம். அதை ஒழிக்கணும்னு அவரே எழுதின சத்தியம் இது: ‘நீதிபதியின் அறையிலிருந்து எனக்கு எந்தத் தகவல் வந்தாலும் அதை அரை வாக்கியத்துக்கு மேல் கேட்க மாட்டேன். கேட்ட அரை வாக்கியத்தை அந்த நீதிபதியிடமே சென்று சொல்வேன்.’ முதல் நாளே ஒவ்வொரு பையனும் வலது கையைத் தூக்கி இதைச் சொல்லிக் கையெழுத்துப் போடணும். பசங்க இதைக் கேலி பண்ணுவாங்க. எவனாவது கிசுகிசு சொல்ல வந்தா, பாதியிலேயே "அரை வாக்கியம், அரை வாக்கியம்"னு கத்துவாங்க. ஆனா மீற மாட்டாங்க. எல்லாத்தையும்விட மீறாதவன் முதல் வருஷத்து முதல் மாணவன் க்ளாரன்ஸ் டில்லார்ட்.

டில்லார்ட்தான் ஓட்டிஸ் பெக்கோட வக்கீல்.

பெக் மலைப்பக்கத்து மரம் அறுக்குற மில்லுல வேலை செஞ்சவன். மேஸ்திரிக்கும் அவனுக்கும் கைகலப்பாகி, மரம் புரட்டுற கம்பியால ஒரு அடி, ஆள் காலி. கொலையா, கோவத்துல நடந்ததான்னு நாலு நாள் விசாரிச்சு, தூக்குன்னு சொல்லிட்டாங்க. அந்த விசாரணையில வேற ஒரு வக்கீல். மேல்முறையீட்டுக்குத்தான் டில்லார்ட் வந்தார். விசாரணையில பன்னெண்டு தவறு நடந்ததாக் காட்டி, தோல் அட்டை போட்டு, பாதி லத்தீன்ல ஒரு மனு. படிக்க ஜோராத்தான் இருந்துச்சு. ஒண்ணும் நிக்கல.

மார்ச் மாசம், வெளிய சகதியும் மழையுமா இருக்கு, நான் கேஸ் கட்டை வாசிச்சுக்கிட்டிருக்கேன். சாட்சிகள் முடிஞ்சு, கோர்ட் சேவகனோட அறிக்கை. தீர்ப்புச் சொல்ல ஊர்லேருந்து கூட்டிவந்து தங்க வச்ச பன்னெண்டு பேர், அந்த ஜூரிக்கு எத்தனை போர்வை, காலைச் சாப்பாட்டுக்குப் பன்றிக் கறி இருந்துச்சா, இப்படி நாலஞ்சு பக்கம். யாரும் படிக்க மாட்டாங்க. நானே கொட்டாவி விட்டுக்கிட்டுத்தான் படிச்சேன். பக்கம் இருநூத்திப் பதினேழு. "மூன்றாம் நாள் மாலை ஏழாவது ஜூரர் தன் மாடு கறக்க ஆளில்லை என்று சொன்னதால் வீட்டுக்கு அனுப்பினேன். கூட யாரும் போகவில்லை. மூன்று மணி நேரத்தில் திரும்பிவிட்டார்."

பிரிஸ்கோ விரலைத் தூக்கினார். "இன்னொரு தரம் படி."

படிச்சேன். கொலைக் கேஸ்ல பன்னெண்டு ஜூரரும் தீர்ப்புச் சொல்ற வரைக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும். ஒருத்தன் அஞ்சு நிமிஷம் தனியாப் போனாலும் விசாரணை செல்லாது, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இதை வருஷா வருஷம் ரெண்டாவது வாரத்துப் பாடத்துல பிரிஸ்கோவே மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லுவார். பதினாலு வருஷம் மூலையில உக்காந்து அந்தப் பாடத்தை நான் டைப் அடிச்சிருக்கேன்.

"க்ளாரன்ஸோட பன்னெண்டுல இது இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"பாத்துட்டேன். இல்லை. இது தெரிஞ்சா அந்த ஆளுக்கு மறு விசாரணை உண்டே ஐயா!"

அவர் சிரிச்சார். வாய் விட்டு இல்ல, மிட்டாய் பல்லுல பட்டு கடகடன்னு சத்தம் வர்ற மாதிரி ஒரு சிரிப்பு. "வக்கீல் சொல்லாத தப்பு கோர்ட்டுக்குத் தெரியாத தப்பு. என் கையால முதல் பரிசு வாங்கினவன் அவன். போர்வைக் கணக்குன்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டான், மடையன். மேல படி."

"ஐயா, நீங்களே ஒரு வார்த்தை தீர்ப்புல..."

"அவன் வேலையை நான் பாக்கறதுக்கா பள்ளிக்கூடம் கட்டினேன்? படின்னா படி."

ஏப்ரல் முதல் வாரம் தீர்ப்பு. ‘காட்டப்பட்ட பன்னிரண்டு தவறுகளிலும் சாரமில்லை.’ நான்தான் டைப் அடிச்சேன். அஞ்சு கையெழுத்து. தூக்குக்கு ஜூன் ரெண்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணின்னு நாள் குறிச்சாங்க. மறு பரிசீலனை கேக்க டில்லார்டுக்கு இருபது நாள் இருந்துச்சு. அந்த இருபது நாளுக்குள்ள அவர் அந்தப் பக்கத்தைப் பாத்தா பெக் பிழைப்பான். இல்லேன்னா தொங்குவான்.

என் சொந்த விஷயத்தையும் சொல்லிடறேன். அந்த வருஷம்தான் பொம்பளைங்களும் வக்கீலாகலாம்னு எங்க மாநிலத்துல சட்டம் வந்துச்சு. மே மாசக் கடைசியில பசங்களோட பரீட்சை எழுதிக்கன்னு பிரிஸ்கோ எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதினாலு வருஷம் காத்துக் கெடந்தேன். வாயைத் திறந்தா அது போச்சு.

ஆனா மேட்டி பெக் திங்கக்கிழமை தவறாம வந்துருவா. மரம் ஏத்துற ரயில்ல நாப்பது மைல், கொசுவின கறுப்பு கவுன், கையில ஒரு பாட்டில். ஆப்பிளைக் கருக்கக் காய்ச்சி அவளே போட்ட ஜாம்.

"நீதிபதி ஐயா சாப்பிடுவாராம்மா?"

"சாப்பிடுவார்."

அதுதான் கொடுமை. நிஜமாவே சாப்பிடுவார். சூடா பிஸ்கட் ரொட்டியைப் பிளந்து, நடுவுல ஒரு கரண்டி அப்பி, கண்ணை மூடிக்கிட்டு. "மலைக்காரிங்களுக்குத்தான் இது வரும்"னு என்கிட்ட வேற சொல்லுவார்.

பன்னெண்டாவது நாள் என்னால முடியல. அவளைப் படிக்கட்டுக்குக் கீழ கூட்டிட்டுப் போனேன். "மேட்டி, உங்க வக்கீல்கிட்டப் போய், கேஸ் கட்டுல பக்கம் இருநூத்திப் பதினேழைப் படிங்கன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

"அதுல என்னம்மா இருக்கு?"

"அவர் படிச்சாப் புரிஞ்சுக்குவார். உனக்கு எதுக்கு?"

"யார் சொன்னான்னு கேட்டா?"

"கனவுல வந்துச்சுன்னு சொல்லேன்!"

"பொய் சொல்ல மாட்டேம்மா. இந்த நேரத்துல பொய் சொன்னா ஆண்டவர் அவரைக் கைவிட்டுடுவார்."

தலையில அடிச்சுக்கிட்டேன். பெக்கோட உயிரு ஒரு பொய்யில தொங்குது, இவளுக்குப் பொய் ஆகாதாம். "என்னமோ சொல்லு, போ"ன்னு தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலையில டில்லார்ட் வந்தார். ஒல்லியா, கழுத்துக் காலர் மடிப்புக் கலையாம, தொப்பியை நெஞ்சோட வச்சுக்கிட்டு. என்னைப் பாக்காம நேரா உள்ள போனார். கதவைச் சாத்தல. அதுவும் அவங்க பள்ளி வழக்கம், ஒளிவு மறைவு இல்லையாம்.

"ஐயா, நேத்து என் கட்சிக்காரன் பெண்டாட்டி வந்தா. ‘நீதிபதி ஆபீஸ்ல டைப் அடிக்கிற அம்மா உங்களைக் கேஸ் கட்டுல’ன்னு ஆரம்பிச்சா. அதோட நிறுத்திட்டேன். அரை வாக்கியம் கேட்டேன், அதை உங்ககிட்டயே சொல்றேன்."

பிரிஸ்கோ எழுந்து, தடவித் தடவி வந்து அவர் தோளைப் பிடிச்சார். "பாத்தியா க்ளாரன்ஸ், இதுக்குத்தான்ப்பா இந்தப் பள்ளிக்கூடம். இதுக்குத்தான்." டில்லார்ட் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்! அறையணும் போல இருந்துச்சு எனக்கு.

"மிஸ் க்ரம், இங்க வா. மிஸ்டர் டில்லார்ட்கிட்ட உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

வேணும்னேதான் கேட்டார். நான் என்ன பண்ணுவேன்னு பாக்கறதுக்கு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. லைசென்ஸாவது மண்ணாங்கட்டியாவது. "யோவ், பக்கம் இருநூத்திப் பதினேழுய்யா!"ன்னு கத்தினேன். நான் வாயைத் திறந்ததுமே டில்லார்ட் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டார். பொத்திக்கிட்டு, பள்ளிப் புள்ள மாதிரி சத்தமா சத்தியத்தைச் சொல்ல ஆரம்பிச்சார். "நீதிபதியின் அறையிலிருந்து எனக்கு எந்தத் தகவல் வந்தாலும்..." நான், "மாடுய்யா! ஏழாவது ஜூரர் மாடு கறக்கத் தனியாப் போயிருக்கான்யா!" அவர் இன்னும் உரக்க, "அரை வாக்கியத்துக்கு மேல் கேட்க மாட்டேன்..." நான் அவர் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தேன். மனுஷன் கண்ணை வேற மூடிக்கிட்டு, அப்படியே பின்னால நடந்து, கதவுல முட்டி, வராந்தாவுல போய் நின்னுதான் கையை எடுத்தார்.

பிரிஸ்கோ சிரிச்ச சிரிப்பு இருக்கே. மிட்டாய் தொண்டையில சிக்கி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாப் போச்சு. அப்பவே தட்டாம விட்டிருக்கலாம்.

"என்னை வேலையைவிட்டு அனுப்பிருங்க ஐயா"ன்னேன்.

"எதுக்கு? என் கண்ணை நானே குத்திக்கவா? பரீட்சையும் நீ எழுதற. வாக்குன்னா வாக்கு." கண்ணீரைத் துடைச்சுக்கிட்டார். "இன்னும் ஏழு நாள் இருக்கு அவனுக்கு. படிக்கிறவன் படிக்கட்டும்."

டில்லார்ட் படிக்கல. ஏழு நாள் போச்சு.

நான் கவர்னருக்கு மொட்டைக் கடிதாசி போட்டேன். கவர்னர் நெனச்சா கடைசி நாள் வரைக்கும் தூக்கை நிறுத்தலாம். பக்க எண், மாடு, எல்லாம் எழுதினேன். கையெழுத்து தெரியக் கூடாதுன்னு டைப் அடிச்சேன். எட்டு நாள் கழிச்சுத் தபால் கட்டுல எங்க ஆபீஸுக்கு ஒரு உறை. கவர்னர் செயலாளர் குறிப்பு: ‘கேஸை எழுதிய நீதிபதியின் கருத்துக்கு.’ உள்ள என் கடிதாசி.

"தபால்ல என்னம்மா?"ன்னார் பிரிஸ்கோ.

என்னத்தைச் சொல்ல. வாசிச்சேன். என் கடிதாசியை நானே, எழுத்து விடாம, அவர் எதிர்ல நின்னு வாசிச்சேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்லாருக்கு. வளவளன்னு இல்லாம விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கா. யார் கையெழுத்து?"

"கையெழுத்து இல்லைங்க."

"கையெழுத்து இல்லாத தாளுக்குக் கோர்ட்டு என்ன பதில் சொல்லும்? எழுதிக்க. ‘மதிப்புக்குரிய கவர்னருக்கு. நீதிமன்றம் ஏற்கெனவே சொன்னதோடு சேர்க்க எதுவுமில்லை. குற்றவாளியின் வக்கீல் ஏதேனும் கேட்டால் அவரிடமே கேட்டுக்கொள்க.’ நகல் ஒண்ணு எடுத்து வை."

எடுத்து வச்சேன்.

மே மாசம் இருபத்தொன்பதாம் தேதி பரீட்சைத் தாளோட முதல் கேள்வியைச் சொன்னார், நான் டைப் அடிச்சேன். முப்பத்தொண்ணு பசங்களோட அதே பரீட்சையை நானும் எழுதப் போறவ. கேள்வி உனக்கு முன்னாலேயே தெரியுமேன்னு யாராவது கேட்டா? அதுக்கும் அவர்கிட்ட பதில் இருந்துச்சு. "முதல் கேள்வி ஒண்ணுதான் உன்கிட்ட சொல்றேன். அது உனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதானே."

கேள்வி இது: ‘ஒரு கொலை வழக்கில் ஜூரர் ஒருவர் குதிரைக்கு லாடம் அடிக்கத் தனியே போகிறார். சேவகனின் அறிக்கையில் இது இருக்கிறது. வக்கீல் கவனிக்கவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி, கெடு முடிந்துவிட்டது, தூக்குக்கு நாள் குறித்தாயிற்று. வக்கீலின் தவறு என்ன? கட்சிக்காரனைக் காப்பாற்ற அந்த வக்கீலுக்கு இன்னும் என்ன வழி?’

டைப் மெஷின்லேருந்து கையை எடுத்துட்டேன். "இது என்னங்க ஐயா?"

"பரீட்சை."

"அந்த ஆள் இன்னும் உயிரோட இருக்கான்."

"அதனாலதான் கேள்வி நல்லாருக்கு."

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. தாள் திருத்தறது டில்லார்ட். வருஷா வருஷம் அவர்தான். பேர் இருக்காது, நம்பர் மட்டும். அந்தச் சத்தியம் வாய்ச் சொல்லுக்குத்தான், பரீட்சைத் தாளுக்கு இல்ல. திருத்தறவன் ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரைக்கும் படிச்சே ஆகணும்னு பள்ளிக்கு இன்னொரு விதி இருந்துச்சு. காதைப் பொத்திக்கலாம். கண்ணை மூடிக்கிட்டுத் தாள் திருத்த முடியாதே!

புதன்கிழமை காலை பரீட்சை. கடைசி பெஞ்ச், நம்பர் முப்பத்திரண்டு. பொம்பளைக்குக் கடைசி நம்பர். மத்தவங்க லாடம், குதிரைன்னு எழுதிக்கிட்டிருக்க, நான் எழுதினேன்: ‘அது லாடம் இல்லை, பால். அந்தக் கட்சிக்காரன் பெயர் ஓட்டிஸ் பெக். பக்கம் இருநூற்றுப் பதினேழு. வக்கீல் நீங்கள்தான், மிஸ்டர் டில்லார்ட். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் கவர்னரிடம் ஓடுங்கள்.’ மத்த கேள்விக்கெல்லாமும் ஒழுங்காத்தான் பதில் எழுதினேன். அதையும் ஒத்துக்கறேன். அந்த நேரத்துலயும் மார்க்கை விடல நான்.

வெளிய வந்ததும் பசங்க ஒரே கும்மாளம். "எந்தக் கழுதைடா அந்த வக்கீல்?" "லாடத்தை அவனுக்கு அடிச்சிருக்கணும்!" "இவனை நம்பிக் கழுத்தைக் கொடுத்தான் பாரு ஒருத்தன்!" முப்பத்தொண்ணு பேரும் சரியா எழுதியிருந்தாங்க. அவ்வளவு நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார் பிரிஸ்கோ.

வியாழக்கிழமை சாயங்காலம் டில்லார்ட் ஆபீஸுக்கு வந்தார். வாயெல்லாம் பல்லு. அவர் படிச்சுட்டார்னு நெனச்சு எந்திரிச்சே நின்னுட்டேன்.

"ஐயா, முதல் கேள்வி பிரமாதம்! பன்னெண்டு தாள் திருத்திட்டேன், பன்னெண்டு பேரும் பிடிச்சுட்டாங்க. கவர்னர் வாசல்ல போய் நிக்கணும்னு எழுதியிருக்காங்க. நிஜமா நடந்த கேஸா ஐயா? எந்தக் கழுதை அது?"

"கடைசி வரைக்கும் திருத்து க்ளாரன்ஸ்"னார் பிரிஸ்கோ. "தெரிஞ்சுரும்."

பாக்காமலே தெரிஞ்சிருக்கு கிழவருக்கு, நான் என்ன எழுதியிருப்பேன்னு.

டில்லார்ட் வெளிய வர்றப்ப வழியில நின்னேன். "மிஸ்டர் டில்லார்ட், மிச்சத்தை எப்பத் திருத்துவீங்க?"

"நாளைக்குப் பன்னெண்டு, சனிக்கிழமை எட்டு. அலுப்புல மார்க் போடக் கூடாதுன்னு ஒரு நாளைக்குப் பன்னெண்டுக்கு மேல தொடறதில்ல."

"கடைசியிலேருந்து திருத்துங்களேன். ஒரே ஒரு தடவை."

முகம் மாறிருச்சு. "மிஸ் க்ரம், நீங்களும் பரீட்சை எழுதினவங்க. இன்னொரு வார்த்தை பேசினா உங்க தாளைப் படிக்காமலே ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

படிக்காமலேன்னுட்டார். வாயை மூடிக்கிட்டேன். அவர் படி இறங்கிப் போற சத்தம் கேட்டுக்கிட்டே நின்னேன். கவர்னர் வீடு அங்கேருந்து ஆறு தெரு. நானே ஓடியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வக்கீல் கேட்டாத்தான் கேப்பார்னு அவர் கையில காகிதம் இருந்துச்சு, நான் டைப் அடிச்ச காகிதம். இருந்தாலும் போய் வாசல்ல விழுந்து கத்தியிருக்கலாம். போகல. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குத் தந்தி வந்துச்சு. ‘நிறைவேற்றப்பட்டது.’ ஒரே வார்த்தை. அதைக் கோப்புல ஒட்டினேன். பிரிஸ்கோ மதியத்துக்குப் பன்றித் தொடையும் சோள ரொட்டியும் மோரும் சாப்பிட்டார். ரொட்டிக்குத் தொட்டுக்க அந்த ஜாம் தீந்துபோச்சான்னு கேட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டில்லார்ட் வந்தார். தொப்பி இல்ல. காலர் ஒரு பக்கம் கழண்டு தொங்குது. கையில முப்பத்திரண்டாம் நம்பர் தாள். என் மேஜையில வச்சார். ஓரத்துல சிவப்பு மையில நூறு போட்டிருந்துச்சு. முதல் கேள்விக்குப் பக்கத்துல ‘சரி’ன்னு எழுதி, பேனா கிழிச்சு, தாள் ஓட்டையாகியிருந்துச்சு.

"அன்னிக்கு உள்ள வச்சு நீங்க கத்தினது இதானா?"

"இதேதான். ஒரு வார்த்தை மாறல. காதுல விழுந்திருந்தா..."

"விழுந்துச்சு"ன்னார்.

"என்னது?"

"மாடுன்னு விழுந்துச்சு. ஜூரர்னு விழுந்துச்சு. வீட்டுக்குப் போய்க் கேஸ் கட்டை எடுத்து மேஜையில வச்சேன். கேக்கக் கூடாததைக் கேட்டுட்டேனே, இனி அதைத் திறந்தா சத்தியத்தை மீறின மாதிரி ஆயிருமேன்னு... நூல் கட்டிப் பெட்டியில வச்சுட்டேன். லாடக் கேள்வியைப் படிச்சப்பவும் அந்த நெனப்பை வர விடல." தாள்ல இருந்த ஓட்டையை விரலால நீவிவிட்டார். "நான் நேர்மையா இருந்தேன், மிஸ் க்ரம். இல்லையா?"

என் வாயில என்ன வரும்? "த்தூ"ன்னேன். அவர் கைக்குட்டையால மேஜையைத் துடைச்சுட்டுப் போனார். போறப்ப மார்க் பட்டியலை ஒழுங்கா என் தட்டுல வச்சுட்டுத்தான் போனார். பிரிஸ்கோவுக்கு அப்பறம் இருபது வருஷம் அவர்தான் அந்தப் பள்ளிக்குத் தலைவர். அந்த லாடக் கேள்வி இன்னும் அங்க பாடத்துல இருக்கு.

திங்கக்கிழமை காலையில எனக்குச் சத்தியப் பிரமாணம். எங்க மாநிலத்துல முதல் பொம்பளை வக்கீல். பிரிஸ்கோ கையைப் பிடிச்சு எழுத வேண்டிய இடத்தைக் காட்டினேன், லைசென்ஸ்ல கையெழுத்துப் போட்டார். பள்ளியோட சத்தியத்தையும் என்னைச் சொல்ல வச்சார், அதோட இன்னொரு வரியும் உண்டு: ‘நீதிபதியின் அறையில் அறிந்ததை எவருக்கும் சொல்ல மாட்டேன்.’ வலது கையைத் தூக்கிச் சொன்னேன்.

என் மேஜைக்குத் திரும்பி வந்தா, மேட்டி பெக் நிக்கறா. அதே கறுப்பு கவுன். கையில பாட்டில்.

"இன்னிக்குத் திங்கக்கிழமைம்மா, பழக்கத்துல வந்துட்டேன்"னா. அழல. அழுது முடிஞ்சிருந்தது. "ஒண்ணு கேக்கணும். நான் உங்க பேரைச் சொல்லியிருக்கக் கூடாதோ? சொன்னதும் அவர் நிறுத்துன்னுட்டார். பொய் சொல்லியிருந்தா முழுசாக் கேட்டிருப்பாரோ?"

நான் டைப் மெஷின்ல ஒரு தாளைச் சொருகினேன்.

"அந்தப் பக்கத்துல என்னம்மா இருந்துச்சு? இருநூத்திப் பதினேழு. எனக்குப் படிக்கத் தெரியாது, நம்பரை மட்டும் மனசுல வச்சிருக்கேன். அதுல அவரைக் காப்பாத்தற மாதிரி ஏதாவது இருந்துச்சா?"

லைசென்ஸ்ல மை இன்னும் காயல. உள்ள பிரிஸ்கோ மிட்டாய் கடிக்கிற சத்தம் கேக்குது. கதவு திறந்திருந்தது.

"ஒண்ணுமில்ல மேட்டி"ன்னேன். "போர்வைக் கணக்கு. ஜூரிக்கு எத்தனை போர்வைன்னு எழுதியிருந்துச்சு."

அவ நிம்மதியா மூச்சு விட்டா. "அப்ப என்னால இல்லையேம்மா"ன்னா. பாட்டிலை மேஜையில வச்சுட்டு ரயிலுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினா. நான் அதை எடுத்து உள்ள கொண்டுபோய்க் கொடுத்தேன்.